பாடு இல்லாத நாளையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

எங்கள் ராமேசுவரம் தீவுக் கரையில் மே மாதத்தைக் கடப்பது லேசான காரியம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குப் போடப்படும் தடை இது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 ஆக்கினார்கள். பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம், மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் படகுகள் கரையோரம் வரிசையாக நிற்கும். அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். மற்றபடி கையில் இருப்பதை வைத்துத்தான் இரண்டு மாதத்தை ஓட்ட வேண்டும்.

அதே மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வருகின்றன. அடுத்து ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கட்டணம், நோட்டு, சீருடை, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வீட்டில் வருமானம் நின்றுபோன நேரத்தில், பிள்ளைகள் வருடம் முழுக்கப் பயந்துகொண்டிருந்த நாளும் வந்துவிடுகிறது. ஆம்பளைகள் வீட்டில் இருக்கிறார்கள், வேலை இல்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளி இல்லை. சின்னச் சின்ன வார்த்தைக்கெல்லாம் சண்டை வரும் காலம்.

என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். நான் எங்கள் பகுதி மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். மகள் மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள், மகன் பதினொன்றாம் வகுப்பு. இந்த இரண்டு பேரையும் பதின்ம வயதில் வளர்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் வயதுக்குத் தக்க அளவில் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவர்களால் முடிந்த ஒரு பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மனத்திடம் என்று இப்போது பேசுகிறார்களே, அது எங்கள் வீட்டில் இந்த வழியாகத்தான் வந்தது.

மறைப்பது எங்கள் பக்கம் ஒரு பழக்கம். "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கிறது? அம்மா கழுத்துச் செயின் ஒருநாள் காணாமல் போகிறது. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது "நீ உள்ளே போ" என்று அனுப்புகிறோம். அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறோம், பிள்ளை வந்ததும் நிறுத்திவிடுகிறோம். எல்லாவற்றையும் அவர்கள் பார்க்கிறார்கள். கேட்கத்தான் வழி இல்லை. தெரியாத கடன் எப்போதும் உண்மையான கடனைவிடப் பெரிதாகத்தான் தெரியும். எங்கள் தெருவில் ஒரு பையன், வீட்டை விற்கப் போகிறார்கள் என்று தானாகவே நினைத்துக்கொண்டு பல மாதம் சரியாகத் தூங்காமல் இருந்தான். உண்மையில் அந்த வீட்டில் இருந்தது ஒரு குழுக் கடன் மட்டும்தான், தவணையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் தடை தொடங்கும் வாரம் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு நாலு பேரும் தரையில் உட்காருவோம். மாமியும் (வீட்டுக்காரரின் அம்மா) சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எழுதுவது பிள்ளைகள். இடது பக்கம் வரவு: கையிருப்பு, நிவாரணம், நான் கணக்கெழுதி வாங்கும் சம்பளம், மாமி கருவாடு போட்டு விற்கும் காசு. வலது பக்கம் செலவு: மளிகை, கரண்ட் பில், குழுத் தவணை, மாமியின் சுகர் மாத்திரை, படகு வேலைக்குப் போகும் பெட்ரோல், ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவு. எழுதி முடித்ததும் வலது பக்கம் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் அன்றைய பேச்சு.

மகள் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அடகுச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய கடனும் இருந்தது. "மாசம் நூத்துக்கு 3 வட்டின்னா வருஷத்துக்கு 36 ஆகுதும்மா. செயின வச்ச பேங்க்ல இதுல பாதிகூட இல்லையே. அப்ப முதல்ல கைமாத்தத்தானே அடைக்கணும்?" என்றாள். அவளுக்கு வட்டிக் கணக்கு பள்ளிப் பாடத்தில் வந்ததுதான். அன்றைக்குத்தான் அது யார் வீட்டுக் காசு என்று தெரிந்தது. அவள் சொன்னபடியே கைமாற்றை முதலில் அடைத்தோம். சொன்னது நடந்தது என்று தெரிந்த பிறகு அவள் வீட்டில் பேசும் விதமே மாறிவிட்டது. புது செருப்பு வேண்டும் என்றாலும் "ஜூன்ல வாங்கலாமா, இப்பவா?" என்று கேட்பாள். நாங்கள் கற்றுக்கொடுத்து வந்ததில்லை அது.

ஆனால் இதில் ஒரு எல்லை உண்டு, அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையை வீட்டு விஷயத்தில் சேர்த்துக்கொள்வது வேறு, நம் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றுவது வேறு. கஷ்டத்தைச் சொல்லும்போது அதற்கு நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்வோம். "தவணை கட்ட முடியாது போலிருக்கே" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளைக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சும். "இந்த மாசத் தவணைக்குக் கருவாட்டுக் காசு இருக்கு, அடுத்த மாசத்துக்குக் குழுவில் பேசப் போறேன்" என்றால் அதில் வழியும் இருக்கிறது. "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படறோம்" என்ற வார்த்தை எங்கள் வீட்டில் கிடையாது. அதைக் கேட்டு வளரும் பிள்ளை, தான் பிறந்ததே ஒரு செலவு என்று நினைக்க ஆரம்பிக்கும். கணவன் மனைவி மனஸ்தாபத்தைப் பிள்ளையிடம் சொல்லி அழுவதும் கூடாது. அதற்கு அக்கா தங்கை இருக்கிறார்கள், தோழி இருக்கிறாள். இன்னொன்று, ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் பணப் பேச்சு எடுப்பதில்லை. பகலில் பேசினால் தீர்ந்துபோகிற விஷயம் ராத்திரியில் பூதமாகிவிடும்.

பொறுப்பு கொடுப்பதைப் பற்றி நான் பிற்பாடு படித்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அதுவும் ஒரு தீவில் நடந்தது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல கஷ்டங்களுக்கு நடுவில் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, அன்பான, திடமான மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் கண்டவற்றில் ஒன்று, அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவராவது கூட இருந்தது. அது அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ போதும். வீட்டில் அந்தப் பிள்ளைகளை நம்பி ஒரு வேலை விடப்பட்டிருந்தது என்பதும் அந்த ஆய்வு எடுத்துச் சொன்ன ஒன்று. படித்தபோது எனக்கு மாமியின் ஞாபகம் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் கரையில் அப்பாக்கள் மறைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. விசைப்படகு காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போகும், மறுநாள் காலையில் கரைக்கு வரும். டீசல், ஐஸ் செலவைக் கழித்துத்தான் பங்கு. கணவாயும் இறாலும் நல்லபடி கிடைத்தால் வீட்டில் சந்தோஷம். சரியாகக் கிடைக்கவில்லை என்றால் "பாடு இல்ல" (மீன்பாடு இல்லை) என்று ஒரே வார்த்தை, அதோடு குளித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அப்பா தோற்றுப்போன நாள் எப்படி இருந்தது என்றே தெரியாது. போனார், வந்தார், படுத்தார், மறுபடி போனார். நடுவில் மனசுக்குள் என்ன நடந்தது என்பது தெரியாமலே அவர்கள் வளர்கிறார்கள்.

மகனுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குப் போய்விட்டது. 35 வேண்டும், அவன் எடுத்தது 28. முடிவு வருவதற்கு முந்தின நாள் ராத்திரியே நாங்கள் சில விஷயங்களைப் பேசிவைத்திருந்தோம். எந்த மார்க் வந்தாலும் சொந்தக்காரர்கள் போனை அவன் எடுக்க வேண்டாம், நானே எடுத்துப் பதில் சொல்கிறேன். அன்றைக்கு முழுக்க யாரும் "ஏன்" என்று கேட்கக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யாரும் பார்க்க வேண்டாம். தேர்ச்சி இல்லை என்றால் துணைத் தேர்வு அடுத்த ஓரிரு மாதத்திலேயே வரும், அதில் தேறினால் இந்த வருடமே பதினொன்றில் சேரலாம், வருடம் வீணாகாது. இதையெல்லாம் முடிவு வந்த பிறகு சொன்னால் ஆறுதல் மாதிரி இருக்கும், பிள்ளை நம்பாது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவன் அழுதான், ஆனால் பதறவில்லை. இந்த ஒன்றை மட்டும் எல்லாப் பெற்றோரும் செய்யலாம். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, தோற்றால் என்ன செய்வோம் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அபசகுனம் என்று ஒதுக்க வேண்டாம். கடலுக்குப் போகிற படகில் உயிர்காப்புச் சட்டை ஏற்றுவதை யாரும் அபசகுனமாக நினைப்பதில்லையே.

அன்று சாயங்காலம் அவன் அப்பா அவனைப் படகு வேலைக்குக் கூட்டிப் போனார். தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒருநாள் வலை பாறையில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்து, வெட்டிப் பார்த்து, கடைசியில் வலையே போய்விட்டது. வெறும் ஐஸோடு கரைக்கு வந்தார்கள். டீசல் கடன், வலைக் கடன், முதலாளி முகத்தில் முழிக்க முடியவில்லை. வீட்டுக்கு வரப் பயந்துகொண்டு மத்தியானம் வரைக்கும் படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தாராம். எனக்கே அது தெரியாது, மகன் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"அப்புறம் என்னப்பா செஞ்சீங்க?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"பாறை இருந்த இடத்த ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சுக்கிட்டோம். அடுத்த தடவ அந்தப் பக்கம் வலைய எறக்கல."

ராத்திரி மகன் தானாகவே கணக்குக் கேள்வித்தாளை எடுத்து வைத்து, எங்கே மார்க் போனது என்று கேள்வி கேள்வியாகக் குறிக்க ஆரம்பித்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மார்க் உண்டு. வரைந்து பழகினால் வாங்கிவிடலாம் என்று ஆசிரியர்கள் எப்போதும் சொல்லும் பகுதி. இவன் அதை நேரம் போதாது என்று கடைசிக்குத் தள்ளி, தொடாமலே வந்திருக்கிறான். அந்த 16ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தினமும் வரைந்தான். கவராயத்தையும் ஸ்கேலையும் வைத்துக்கொண்டு தொடுகோடு வரைகிறவனை மாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். துணைத் தேர்வில் தேறிவிட்டான். அவன் அப்பா அன்றைக்கு அறிவுரை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். "கஷ்டப்பட்டுப் படி" என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா தோற்ற கதையில், தோற்ற பிறகு என்ன செய்தார் என்ற ஒரு துண்டு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் தீவில் அப்துல் கலாமைப் பற்றிச் சொல்லாத பள்ளிக்கூட விழா கிடையாது. பேப்பர் போட்ட பையன் குடியரசுத் தலைவரானார் என்று சொல்வார்கள், கை தட்டுவார்கள். நடுவில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். விமானப் படையில் விமானியாக வேண்டும் என்பது அவருடைய பெரிய கனவு. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. மனசு உடைந்து ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்துப் பேசியதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒன்பதாவது இடத்தைச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வதுண்டு. ராக்கெட்டைப் பற்றி அது தானாகவே படித்துக்கொள்ளும்.

படகடியில் நடந்த பேச்சிலிருந்து எனக்குக் கிடைத்தது இன்னொன்றும் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். கை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், கண் கண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டும். வலை பின்னும்போது, நெத்திலி ஆயும்போது, துணி மடிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவர்களாகவே பேசுவார்கள். என் மகள் முக்கியமான எதையும் மீன் ஆயும் நேரத்தில்தான் சொல்லியிருக்கிறாள். மீன் ஆய்வதற்கு ஆள் இருந்தாலும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வேன்.

அவள் மதுரை விடுதிக்குப் போன புதிதில் ராத்திரி ஆனால் அழுது போன் வரும். "நான் வந்துடறேன்." உடனே ஓடிப்போய்க் கூட்டி வந்துவிடலாம் போலத்தான் இருக்கும் பெற்ற மனசுக்கு. நாங்கள் ஒரு கேள்வி வைத்துக்கொண்டோம்: "இப்ப நான் சும்மா கேக்கணுமா, இல்ல வழி சொல்லணுமா?" பெரும்பாலும் "சும்மா கேளுங்க" என்பாள். கேட்போம். பிறகு எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லச் சொல்வேன். வீட்டு ஏக்கமா, கூடப் படிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது வெட்கமா, பிணத்தைப் பார்த்த பயமா, சீனியர் மேல் கோபமா? பிரித்துப் பார்த்தபோது ஏக்கத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்று அவளே கண்டுபிடித்தாள். வெட்கத்துக்கு வழி இருந்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணோடு சேர்ந்து தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்தார்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயரைச் சொல்லும்போது மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிகிறது என்று 2007இல் மேத்யூ லீபர்மேன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "மனசு சரியில்ல" என்ற அளவில் நிற்காமல் அடுத்த வார்த்தையையும் பிள்ளை சொல்லும்வரை பொறுமையாக இருப்பது பலன் தருகிறது. அனுபவத்திலும் அதைத்தான் கண்டேன்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 18 வயது வரை தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. தூங்காத பிள்ளையிடம் மனத்திடத்தை எதிர்பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் ராத்திரி எல்லாருடைய போனும் டிவி மேசைமேல் போய்விடும். அவர் கடலில் இருக்கும் ராத்திரியில் மட்டும் என் போன் என்னிடம் இருக்கும், அதற்குக் காரணம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வெளி உலகத்தில் பழகவும் பிள்ளைகளை விட வேண்டும். மகன் பதினொன்றில் சேர வருமானச் சான்று தேவைப்பட்டது. இ-சேவை மையத்துக்கு அவனையே அனுப்பினேன். நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டேன். ஏதோ ஒரு நகல் இல்லை என்று திரும்பி வந்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது. "என்ன நகல்னு தெளிவாக் கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. மறுபடி உள்ளே போய்க் கேட்டுவிட்டு, தாளில் எழுதிக்கொண்டு வந்தான். அடுத்த முறை போனபோது வேலை முடிந்தது. நான் உள்ளே போயிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தயங்காமல் கேள்வி கேட்பது, இல்லை என்று சொன்னால் வேறு வழி கேட்பது, எல்லாம் அவனுக்கு வந்திருக்காது. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொல்கிறது. முடிவெடுப்பது, பிரச்சினையைத் தீர்ப்பது, தெளிவாகப் பேசுவது, அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எல்லாம் அதில் உண்டு. தபால் நிலையம், வங்கி, ரேஷன் கடை, இ-சேவை மையம் என்று பிள்ளையைத் தனியாக அனுப்பிப் பாருங்கள். பாதி அங்கேயே வந்துவிடும். பேங்க் செலானை நிரப்பத் தெரியாமல் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொண்ணூறு மார்க் வாங்கிய பிள்ளைகள் அவர்கள்.

எங்கள் கரையில் மிகக் கடினமானது காத்திருக்கும் ராத்திரிதான். படகு வர வேண்டிய நேரத்துக்கு வராது. கடலில் சிக்னல் போய்விடும், போன் கிடைக்காது. காற்று மாறியிருக்கும். அல்லது எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகுகள் பிடிபட்டன என்று செய்தி பரவும். எத்தனை படகு, யார் யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் சுற்ற ஆரம்பித்துவிடும். பிடிபட்டவர்கள் யாழ்ப்பாணம் சிறையில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்த ராத்திரியில் அவர்களிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது வேலைக்கு ஆகாது, சொல்கிறவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் செய்வது இது. தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று சொல்லிவிடுவேன். "கூடப் போன படகுக்காரங்க கடைசியா பேசினது சாயங்காலம். அதுக்கப்புறம் தகவல் இல்ல. காலையில சங்கத்துல கேப்போம்." வாட்ஸ்அப்பில் வருவதை யாருக்கும் அனுப்ப மாட்டோம். படகு முதலாளி, சங்கத்துப் பொறுப்பாளர் என்று இரண்டு பேர் சொல்வதை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம். அவசரம் என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் சுவரில் எழுதியிருக்கின்றன. அப்புறம் ஆளுக்கொரு வேலை. மகன் முதலாளி வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டு வருவான். மகள் இருக்கும்போது அவள் சமைப்பாள், யாருக்கும் பசி இல்லை என்றாலும் அடுப்பு எரியும். நான் அதே படகில் போனவர்களின் வீட்டுப் பெண்களைப் போய்ப் பார்ப்பேன்.

வேலை கொடுப்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமி. அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது சிறு பிள்ளை. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. பேரப்பிள்ளைகள் கேட்டால் அவர் புயலின் வேகத்தைப் பற்றியெல்லாம் சொல்ல மாட்டார். "எங்கம்மா தம்பிய என் கையில குடுத்து, இவன் கைய விட்டுடாதன்னு சொல்லிட்டா. விடிய விடிய நான் அவன் கையப் பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணியப் பாக்கவே இல்ல" என்பார். அந்தத் தம்பி இப்போதும் ராமேசுவரத்தில் இருக்கிறார். பயமான நேரத்தில் பிள்ளையைச் சும்மா இருக்க விடாதீர்கள், கையில் ஒரு வேலையைக் கொடுங்கள் என்று மாமி யாருக்கும் சொல்வார். கவாய்த் தீவு ஆய்வைப் படித்தபோது இதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

தடைக்காலத்தில் குடியால் உடையும் வீடுகள் எங்கள் பக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டில் பிள்ளைகளிடம் மனத்திடத்தைப் பேசுவதற்கு முன் அவர்களுடைய பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். குடித்திருக்கும் நேரத்தில் நியாயம் பேசப் போக வேண்டாம். பிள்ளை ராத்திரி போய்ப் படுக்க ஒரு வீட்டை முன்கூட்டியே பேசிவையுங்கள், அத்தை வீடோ சித்தி வீடோ. "அப்பா குடிக்கிறதுக்கு நீ காரணம் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்களைத்தான் காரணமாக நினைத்துக்கொள்கிறார்கள். அடி உதை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பிள்ளையே அழைக்கலாம்.

பேசியும் பொறுப்புக் கொடுத்தும் சரியாகாத நிலைமைகள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போய் இருந்தால், பிடித்ததெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கினால், கையைக் கீறிக்கொண்டால், "நான் இல்லாம போனா நல்லது" என்ற மாதிரி பேசினால் அது பிடிவாதமும் இல்லை, நடிப்பும் இல்லை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஆள் கிடைத்தது என்று பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது.

எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்வதற்குத் தனியாக ஒரு தயக்கம் இருக்கிறது. மனசு சரியில்லை என்றாலே "ஏர்வாடிக்குத்தான் கொண்டுபோகணும்" என்று கேலி பேசுகிறார்கள். மனநோய் உள்ளவர்களைப் பிரார்த்தனைக்குக் கூட்டி வரும் தர்கா இருக்கும் ஊர் அது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதே இந்த வார்த்தையில்தான். பிறகு எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் இந்த ஊர்ப் பெரியவர்கள் மனசில் இன்னும் இருக்கிறது. ஆனால் அதே ஏர்வாடி தர்காவில் இப்போது பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கிறது. தவா-துவா என்ற பெயரில் அரசு மனநல மருத்துவர்கள் அங்கேயே வந்து பார்க்கிறார்கள். பிள்ளையைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ கூட்டிப் போங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். பிள்ளைகள் முன்னால் அந்தக் கேலி வார்த்தையை மட்டும் பேசாதீர்கள்.

போனில் பேசுவதற்கு 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளைகள்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று தெரியாத அம்மாவும் அப்பாவும் அழைக்கலாம். எங்கள் குழுக் கூட்டத்தில் இந்த எண்களை ஒரு தடவை சொல்லி, எல்லாரையும் அங்கேயே போனில் பதியவைத்தேன். ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் தயங்கினார்கள். பட்டன் போனே போதும். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை முதலில் அந்த எண்ணுக்குப் பேசியது அதன் அப்பத்தாவின் பட்டன் போனிலிருந்துதான். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடிக்கும்வரை வாசலில் யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாராம்.